"யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காத பூங்கா

நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு எண்தான், சாதிப்பெயர் கிடையாது. குவார்ட்டர்ஸ் ஒதுக்குவது பதவியைப் பார்த்து. வெளியே, சுற்றியுள்ள கிராமங்களில், முகவரியைச் சொன்னாலே ஊரா காலனியா என்று தெரிந்துவிடும். நகரியத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று கதை விடுகிறவர்களோடு நாங்கள் சேரவில்லை. ஒப்பந்தத்தில் பூங்காவைப் பெருக்குகிறவர் வேலை முடிந்து எந்தத் தெருவுக்குத் திரும்புகிறார் என்று பாருங்கள், புரியும். ஆனாலும் பங்குனியில் திடீரென்று மழை இறங்கிய ஒரு மாலையில், இந்தப் பூங்காவில் இரண்டு பேர் ஒரே குடையில் நடந்துபோனால் எங்களுக்குச் சந்தோஷம்தான். அவர்கள் யார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

தெரிந்தே ஆகவேண்டும் என்று துடிப்பவர்கள் இருக்கிறார்கள். "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" தோழர்களே, இதைப் பண்பாட்டுக் கவலை என்று நம்பிவிடாதீர்கள், இது சாதி விசாரணை. பிப்ரவரி 14 வந்தால் சிலர் தாலிக்கயிற்றோடு பூங்காவுக்குள் வருகிறார்கள். பையன் சேரிக்காரன் என்று தெரிந்தபிறகும் அந்தத் தாலியை நீட்டுவார்களா?

பூங்காவில் நடப்பது யாரும் போட்ட பிச்சை அல்ல. பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், சாலையோடு அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களையும் சேர்க்கிறது. சாதியைக் காட்டி மட்டுமல்ல, பாலினத்தைக் காட்டியும் தடுக்கக்கூடாது என்கிறது. பொதுத்துறைப் பணத்தில் நிற்கும் பூங்காவில் "பொண்ணுக்கு இந்த நேரத்துல இங்க என்ன வேலை?" என்று கேட்பவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை இருக்கிறது. முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி அதே ஊரின் சாதி இந்துக் குடும்பத்துப் பெண். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்தார்கள். ஜூலையில் இருவரையும் பிடித்து, விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். காவல்துறை என்ன செய்தது? முருகேசன் தரப்பினரையும் சேர்த்தே குற்றவாளி ஆக்கியது. வழக்கு சிபிஐக்குப் போன பிறகும் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல்துறையினர். உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2025 ஏப்ரலில்.

ஆகவே பூங்காவில் ஒரு ஜோடியைப் பிடித்து, "உங்க அப்பா நம்பரைக் கொடு" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு போன் யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கேட்கிறவருக்கு நன்றாகவே தெரியும். இருவரும் வயது வந்தவர்கள் என்றால் வீட்டுக்குச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. இதைக் கண்ணால் பார்க்கிற மாணவர்கள் ஒதுங்கிப் போகக்கூடாது. பக்கத்தில் போய் நில்லுங்கள். நாலு பேர் நின்றாலே குரல் இறங்கிவிடும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சாதி மறுத்து இணைவோரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடலூர் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, எண் என்ன, இதுவரை எத்தனை பேருக்குப் பாதுகாப்பு கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அந்த எண் கிடைத்ததும் பூங்கா வாசலில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம்.