நத்தார் பாப்பாவும் நாவற்குழிப் பாலமும்

இதை வாசித்துவிட்டு நாலு பேராவது என்னோடு கோவிப்பீர்கள். பரவாயில்லை. மார்கழி வந்தால் மனதுக்குள் கிடந்து குடைகிற விசயம், இந்த முறை எழுதித்தான் தீர வேண்டும்.

நான் வேலை செய்வது ஹியூஸ்ரனில் ஹில்க்ரொஃப்ற் தெருப் பக்கம், ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில். 2010 இல் இந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தார்கள். சேலைக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை எல்லாம் உள்ள இடம். எங்கட ஆட்கள் சைவமோ வேதமோ, பிள்ளை அமெரிக்கப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நத்தார் பாப்பா வீட்டுக்குள் வந்துவிடுவார். என் வீட்டுக்கும் வந்தார். நான்தான் கூட்டிவந்தேன்.

என் கட்சி இதுதான். பிள்ளைக்குக் கதை சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

"நிலவில் பாட்டி வடை சுடுகிறா என்று கேட்டுத்தானே நாங்களும் வளர்ந்தோம்?" என்று கேட்பீர்கள். ஓம், நானும் கேட்டேன். ஆனால் என் அம்மம்மா ஒருநாளும் பாதி கடித்த வடையை முற்றத்தில் வைத்து, "பார், பாட்டி போட்டிட்டுப் போயிருக்கிறா" என்று சாட்சி காட்டவில்லை. நிலவுப் பாட்டி பொய் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வளர வளர எனக்கே தெரிந்தது. யாரோடும் கோபம் வரவில்லை.

இங்கே நடப்பது வேறு. பெற்றோரே பிஸ்கட்டைக் கடித்து வைக்கிறார்கள். மாவைத் தூவிக் கால்தடம் போடுகிறார்கள். வட அமெரிக்க வான்காப்புக் கட்டளையகம் நத்தார் இரவில் அவர் எங்கே பறக்கிறார் என்று பிள்ளைகளுக்கு அறிவிக்கிறது. 1955 இல் கொலராடோவில் தொடங்கிய பழக்கம். வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடின எனக்கு ராடாரைப் பற்றி வேறு நினைப்புத்தான் வரும். அது கிடக்கட்டும். பிள்ளையின் சந்தேகத்தைச் சாட்சி சோடித்து அடக்குகிற வேலைக்குப் பெயர் கதை இல்லை.

1897 இல் நியூயோர்க்கில் வேர்ஜினியா என்ற எட்டு வயதுப் பிள்ளை 'சன்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். சாந்தா குளோஸ் இருக்கிறாரா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிரான்சிஸ் சேர்ச் என்ற ஆசிரியர், இருக்கிறார் என்று தலையங்கம் எழுதினார். அழகான எழுத்து என்று இன்றைக்கும் அதை எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை கேட்டது அழகான எழுத்தை இல்லையே, உண்மையை அல்லவா?

இனி என் வீட்டுக் கதை. மகளுக்கு ஏழு வயதில் முதல்முறை நேராகக் கேட்டாள். "ஓம் பிள்ளை, இருக்கிறார்" என்றேன். இரண்டு வருசம் அந்தப் பொய்யை இழுத்தேன். ஒரு நத்தாருக்கு, மாதக்கணக்காகச் சேர்த்த ரிப்ஸ் காசில் சைக்கிள் வாங்கி வைத்தேன். நன்றி அவருக்குப் போனது. அதைக்கூடத் தாங்கலாம். வகுப்புக்காரிக்கு ஐபாட் கொடுத்தவர் தனக்கு ஏன் சைக்கிள் கொடுத்தார், தான் அவளவு நல்ல பிள்ளை இல்லையோ என்று கேட்டாளே, அதற்கு என்ன பதில் சொல்வது? சம்பள வித்தியாசத்தைப் பிள்ளையின் குணத்தில் எழுதிவைக்கிற கணக்கு இது.

ஒன்பது வயதில் பிடித்துவிட்டாள். நத்தார் பாப்பா எழுதிய மடலில் மஞ்சள் கறை. என் விரலில் எந்தநேரமும் இருக்கிற கறை. சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, அப்ப அந்தப் பாலத்துக் கதையும் நீங்கள் சும்மா சொன்னதோ?"

1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் அசைய இடமில்லாத சனம். எனக்குப் பன்னிரண்டு வயது, அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இதை மகளுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒரு படம் இல்லை, ஒரு துண்டுக் கடிதம் இல்லை. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடுப்பட்டு, பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்ட கதைக்கும் சான்றிதழ் கிடையாது. நத்தார் பாப்பாவுக்காவது பாதி பிஸ்கட் சாட்சி இருந்தது. எனக்கு என் வாய்ச்சொல் மட்டும்தான். அதைத்தான் நான் விளையாட்டுக்குச் செலவழித்திருக்கிறேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். ரெக்சாஸில் அண்டர்சன், பிரென்ரிஸ் என்ற உளவியலாளர்கள் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் 52 பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் ஏழு வயதளவில் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். பெரிதாக மனமுடையவில்லை. கவலைப்பட்டது பெற்றோர்தான். நம்புகிறேன். ஆனால் அகதி வீட்டுப் பிள்ளைக்கு ஊர், இறந்தவர்கள், நடந்தவை எல்லாமே தாய் தகப்பன் வாயால் வந்தவை. அந்த வாயை நாங்கள் கவனமாகப் பாவிக்க வேண்டாமா?

"வகுப்பில் எல்லாரும் நம்ப எங்கட பிள்ளை தனித்துப்போகாதோ?" என்று என் மனிசியும் கேட்டா. இது எல்லாரும் சேர்ந்து விளையாடுகிற விளையாட்டு, மற்றப் பிள்ளைகளின் விளையாட்டைக் கெடுக்காதே என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். இப்போது என் மகள்தான் சின்னவனுக்கு நத்தார் பாப்பா வேசம் போடுகிறாள். அக்கா என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் துள்ளுகிறான்.

எங்கள் பகுதிக்குப் பெயர் கொடுத்தவரே சத்திய சோதனையில் இதை எழுதியிருக்கிறார். சின்ன வயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து உருகி, அது நடந்த கதை என்றே நம்பினாராம். அப்படி ஒருவன் வரலாற்றில் இருந்திருக்க முடியாது என்று பிறகு அறிவு சொன்னது. ஆனாலும் அரிச்சந்திரன் தனக்கு உயிரோடுதான் இருக்கிறான் என்கிறார். கதை என்று தெரிந்த பிறகும் கதை சாகாது. பிறகு ஏன் பொய்?

ஆகவே பிள்ளை நேராகக் கேட்டால் முதல்தரமே சொல்லிவிடுங்கள். பரிசில் உங்கள் பெயரையே எழுதுங்கள். உழைத்தது நீங்கள்தானே.

மகளுக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில், "அது உண்மை, பிள்ளை" என்பது மட்டும்தான். நம்பினாளோ தெரியாது. சாவகச்சேரியில் இருக்கிற பெரியம்மாவை வட்ஸப்பில் எடுத்துக் கேட்டாள். பெரியம்மா முக்கால் மணித்தியாலம் சொன்னா. நான் குசினி வேலைக்கு நேரமாகியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.