பலகையில் எழுதாத வோல்ட்

தீபாவளிக்கு முதல் நாள். கோலாலம்பூரிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும் வழியில், மாமா தம் கொரிய மின்சாரக் காரை ஒரு விரைவு மின்னூட்டியில் நிறுத்தினார். பேட்டரியில் 20 விழுக்காடுதான் இருந்தது. பலகையில் போட்டிருந்த கிலோவாட்டில் பாதிகூட ஏறவில்லை. கட்டணமோ நிமிடக் கணக்கு. "நம்ம பிராண்டு வேற இல்லையா, அதான் ஓரவஞ்சனை பண்றாங்க," என்றார் மாமா. நானும் நம்பினேன்.

உண்மையில், படிவம் 5 இயற்பியலே இதற்குப் பதில் சொல்கிறது. திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது. 200 கிலோவாட் வேண்டுமென்றால் 400 வோல்ட்டில் 500 ஆம்பியர் ஓட வேண்டும். 800 வோல்ட்டில் 250 ஆம்பியர் போதும். ஆம்பியர் குறைந்தால் கம்பி சூடாவதும் வெகுவாகக் குறையும். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6, போர்ஷே டைக்கான் ஆகியவை 800 வோல்ட் வகையாக இருப்பது அதனால்தான். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டும் 400 வோல்ட் வகை.

டெஸ்லாவின் மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜர் சுமார் 500 வோல்ட் வரைதான் தரும். அதில் 800 வோல்ட் காரைச் செருகினால், கார் தானே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐயோனிக் 5 தன் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் வைத்து அதைச் செய்கிறது. ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு. 2025 ஐயோனிக் 5-க்கு அமெரிக்காவில் ஹூண்டாயே சொல்லும் கணக்கைப் பாருங்கள்: பேட்டரி 10 விழுக்காட்டிலிருந்து 80-ஐ எட்ட, 350 கிலோவாட் மின்னூட்டியில் 20 நிமிடம், சூப்பர்சார்ஜரில் 30 நிமிடம்.

டெஸ்லா காரும் வெளியே போனால் இதே கதைதான். 350 கிலோவாட் மின்னூட்டியாக இருந்தாலும், கேபிள் 500 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்றால், 400 வோல்ட் காருக்கு ஏறக்குறைய 200 கிலோவாட்டுடன் சரி. ஆக, மாமா சொன்ன ஓரவஞ்சனை பெரும்பாலும் வோல்ட் பொருத்தமின்மைதான்.

அதற்காக நிறுவனங்களை முழுக்க விட்டுவிட முடியாது. 2023-இல் மலேசியாவுக்கு வந்தபோது, குறைந்தது 50 சூப்பர்சார்ஜர்களை அமைத்து, அவற்றில் 30 விழுக்காட்டையாவது மற்ற பிராண்டுகளுக்குத் திறந்துவிட டெஸ்லா ஒப்புக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், யாருடைய மின்னூட்டியாக இருந்தாலும் கிலோவாட்டை மட்டும் பெரிதாக எழுதினால், வரும் விருந்தாளிக்குப் பாதி விவரம்தான் கிடைக்கிறது. உச்ச வோல்ட், உச்ச ஆம்பியர் இரண்டையும் பலகையிலும் செயலியிலும் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

நிமிடக் கணக்கும் போக வேண்டும். மெதுவாக ஏறும் கார் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பண்டிகைக் காலத்தில் நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஏறி முடிந்த பிறகும் காரை எடுக்காதவரிடம் தாராளமாக அபராதம் வாங்கட்டும். ஏறும்போது, ஏறிய யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்கினால் போதும்.

மாமா இப்போதெல்லாம் புறப்படுவதற்கு முன்பே செயலியில் வோல்ட் தேடுகிறார். பல நேரம் கிடைப்பதில்லை. "நீயே கூப்பிட்டுக் கேளு," என்று கைப்பேசியை என்னிடம் நீட்டுகிறார்.