தீர்ப்பை லண்டனிடம் கேட்பானேன்?

"வாழும் வெகுசன இசைக்கலைஞர்களுள் ஆகப் பெரியவர் யார்?" என்ற கேள்வி, தமிழர் கூடும் இடங்களில் எழுந்த சில நிமிடங்களிலேயே "இளையராஜாவா, ஏ.ஆர். ரகுமானா?" என்று சுருங்கிவிடுகிறது. ஆய்வு மாணவர் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. விவாதத்தின் முடிவைவிட, அதில் முன்வைக்கப்படும் சான்றுகளே என்னை உறுத்துகின்றன. ரகுமான் தரப்பு, 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக அவர் பெற்ற இரண்டு ஆஸ்கர் விருதுகளைக் காட்டுகிறது. இளையராஜா தரப்பு, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் அரங்கேற்றிய 'வேலியன்ட்' சிம்பொனியைக் காட்டுகிறது. இரு தரப்பும் ஒரே நீதிமன்றத்தில்தான் வழக்காடுகின்றன. அங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் நம் பாடல்களோடு வளர்ந்தவர்கள் அல்லர்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழும் இசையமைப்பாளர்களுள் ஆகப் பெரியவர் இளையராஜா என்றே கருதுகிறேன். ஆனால் அதற்கு லண்டன் சான்றாகாது.

நெருளில் வசிக்கும் எனக்கு, வெளியார் சான்றிதழ்மீது நமக்குள்ள மோகத்தின் காரணம் விளங்காமலில்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நவி மும்பை வரை பரவியிருக்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் சிவசேனை தென்னிந்தியர்களைக் குறிவைத்து நடத்திய பரப்புரையை மூத்தோர் மறக்கவில்லை. நான்கு மொழிக்காரர்களையும் 'மதராசி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்த நகரம் இது. 1995இல் 'ரங்கீலா' வெளிவந்தபின், ரகுமான் யார் என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர் நமக்கு ஓர் அறிமுக அட்டையாயிற்று. அதற்கான நன்றியுணர்வு நியாயமானது. ஆயினும் "பிறர் நம்மை மதிக்க உதவியவர்" என்பதும் "ஆகப் பெரிய இசைக்கலைஞர்" என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதைக் கொண்டு பின்னதை நிறுவ இயலாது.

மும்பைத் தமிழர்களைப் பொறுத்தவரை, இந்த விவாதத்தை மணிரத்னத்தின் இரண்டு படங்களின் வழியே பார்ப்பது தெளிவு தரும். 'நாயகன்' (1987) இளையராஜாவின் இசையில் வந்தது. 'பம்பாய்' (1995) ரகுமானின் இசையில் வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் தாராவியில் ஆளாகும் கதை முன்னது. அதில் 'தென்பாண்டிச் சீமையிலே' என்ற பாடல் நாட்டார் மெட்டின் சாயலோடு திரும்பத் திரும்ப வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பெருமளவில் மக்கள் வந்து குடியேறிய தாராவியில், அம்மெட்டு விட்டுவந்த ஊரின் பேச்சோசையாகவே ஒலிக்கிறது. பின்னது 1992–93 கலவரங்களைப் பற்றியது. அதன் புல்லாங்குழல் கருப்பொருளிசைக்குச் சொற்கள் இல்லை. அது பாலஸ்தீனத் திரைப்படமான 'டிவைன் இன்டர்வென்ஷ'னிலும் (2002) ஹாலிவுட்டின் 'லார்ட் ஆஃப் வா'ரிலும் (2005) எடுத்தாளப்பட்டது. மொழியின் சுமையில்லாத இசை எல்லைகளை எளிதில் கடக்கிறது. மொழியில் ஊன்றிய இசை தன் மக்களோடு தங்குகிறது. இரண்டும் அரிய ஆற்றல்களே. பரவலை அளவுகோலாகக் கொண்டால் ரகுமான் ஐயமின்றி முந்துவார்.

நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு. ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவருக்கு அதன் இலக்கணம் பற்றி ஓர் உள்ளறிவு உண்டு. வேற்றுமை, புணர்ச்சி என்ற சொற்களையே கேட்டிராதவரும் அவற்றின் விதிகளை வழுவாமல் பேசுகிறார். பிறர் வழுவினால் அக்கணமே உணர்கிறார். வெகுசன இசையிலும் இத்தகைய அறிவு உருவாகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: இசைப்பயிற்சியற்ற கோடிக்கணக்கானோருக்கு, அவர்கள் கற்கிறோம் என்று அறியாமலே, ஒரு புதிய இசையிலக்கணத்தைப் பழக்கியவர் யார்?

1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இளையராஜா இசையமைத்திருக்கிறார். எண்ணிக்கை இங்கே முதன்மையன்று. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை மேற்கத்தியக் குறிமுறையில் அவரே தாளில் எழுதித் தருகிறார். மெட்டுக்குப் பின்னால் துணை நின்ற வாத்தியங்கள், அவர் கையில் மெட்டோடு உரையாடும் தனிக் குரல்களாயின. பாஸ் கிட்டார் ஒரு வழியில் செல்ல, வயலின்கள் மற்றொரு வழியில் சென்று மெட்டோடு சேர்கின்றன. இதைக் கேட்போர் உள்வாங்கினார்களா என்று ஐயுறுவோர் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். அவர் பாடல் ஒன்றை முணுமுணுப்பவரைக் கவனியுங்கள். பல்லவி முடிந்ததும் பெரும்பாலானோர் நிறுத்துவதில்லை. சொற்களே இல்லாத இடையிசையையும் பாடிவிட்டுத்தான் சரணத்துக்குள் நுழைவார்கள். முன்னிசையின் இரண்டு நொடிகளைக் கேட்டே பாடலை அடையாளம் காண்பார்கள். எதிர்ப்புள்ளிசை என்ற கலைச்சொல்லை அறியாத ஒரு சமூகத்தின் செவிக்கு அதன் விதிகள் பழகிவிட்டன. நான் கேட்ட சான்று இதுதான்.

இரண்டாவது சான்று, செவிகளுக்கிடையே இருந்த வேலி பற்றியது. மாட்டுங்காவில் சண்முகானந்தா சபை இருக்கிறது. அங்கிருந்து தாராவி நடந்துசெல்லும் தொலைவு. ஒரே மொழி பேசும் இரு கூட்டத்தாரிடையே சாதியும் வகுப்பும் வகுத்த தொலைவோ மிகப் பெரிது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்த இளையராஜா, 'கவிக்குயில்' (1977) படத்தில் ரீதிகௌளையைப் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் தேநீர்க்கடை வானொலிகளுக்குக் கொண்டுவந்தார். 'சிந்து பைரவி'யில் (1985) நாட்டார் நடையில் தொடங்கும் 'பாடறியேன் படிப்பறியேன்', தியாகராசரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்க் கலக்கிறது. காம்போதியில் வழங்கிவந்த அக்கீர்த்தனையைச் சாரமதியில் அமைத்து, இரண்டும் ஒரே சுரக்கோவைக்குள் அடங்கும் என்று காட்டினார். கருநாடக இசைமேடையில் தமிழுக்கு என்ன இடம் என்ற பழைய வாதத்துக்கு, கட்டுரை எழுதாமல் இசையாலேயே விடையளித்த தருணம் அது. சபையில் அமர்ந்திருந்தவரும் சபைக்குள் நுழைந்திராதவரும் அதே பாடலைப் பாடினார்கள்.

ரகுமானும் செவிகளை மாற்றவில்லையா என்ற எதிர்வாதம் வலுவானது. 'ரோஜா' (1992) வெளிவந்தபோது திரையிசையின் ஒலித்தரமே வேறாயிற்று. குரலின் மூச்சும் தாளக்கருவியின் அடியாழமும் தனித்தனியே கேட்டன. பல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பையும் பல பாடல்களில் அவர் நெகிழ்த்தினார். இதை ஒலியனளவில் மட்டுமன்றித் தொடரமைப்பிலும் நிகழ்ந்த மாற்றம் என ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அடுக்கடுக்கான ஒலிகளை ஒருங்கே பின்தொடரும் பழக்கம் 1992க்கு முன்பே தமிழ்ச் செவிகளில் ஊன்றியிருந்தது. அந்த நிலத்தை உழுதவர் இளையராஜா. அவர் குழுவில் விசைப்பலகை வாசித்தவர்தான் இளம் ரகுமான். என் தராசு சாய்வது இந்த இடத்தில்தான்.

இவ்விவாதத்தின் பெருங்குறை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 'இசைக்கலைஞர்' என்று தொடங்கி 'இசையமைப்பாளர்' என்று முடிக்கிறோம். 17,000க்கும் மேற்பட்ட பாடல்களுக்காக 2016இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற பி. சுசீலாவின் பெயர் எழுவதேயில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவருடைய குரலில்தான், தமிழ்ப் பள்ளிக்குச் செல்லாத மும்பைப் பிள்ளைகள் பலர் லகர, ளகர, ழகர வேறுபாட்டைத் திருத்தமாகக் கேட்டார்கள். என் தீர்ப்பு இசையமைப்பாளர்களுக்கு மட்டுமே பொருந்தும். பாடுவோருக்கான அளவுகோலைத் தனியே வகுக்க வேண்டும்.

விருதுகளை எண்ணுவது எவராலும் இயலும். இளையராஜாவின் கையெழுத்துக் குறிமுறைத் தாள்களைத் திரட்டிப் பதிப்பிப்பது, இடையிசைகளை வகைப்படுத்துவது, தாராவியிலும் செம்பூரிலும் மூன்று தலைமுறையினர் எதை எவ்வாறு கேட்டார்கள் என்று களஆய்வு செய்வது ஆகியவை பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய பணிகள். 'காலா' (2018) படத்தில் சந்தோஷ் நாராயணனின் இசையில் தாராவி இளைஞர்களின் 'டோப்அடெலிக்ஸ்' குழு ராப் பாடியபோது, இந்நகரத்தின் தமிழ்ச் செவி மீண்டும் மாறத் தொடங்கிவிட்டது. முந்தைய மாற்றத்தையே இன்னும் ஆவணப்படுத்தாத நாம், ஆகப் பெரியவர் யார் என்று லண்டனிடமும் லாஸ் ஏஞ்சலிஸிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.