தூங்கும் மலையும் வறண்ட ஓடையும்

"நம்ம நாட்டுல எரிமலை இருக்கா தாத்தா?" என்று குழந்தைகள் கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. இருக்கிறது. அந்தமானில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன் தீவு. எரிமலைக் குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து உயர்ந்த மலை அது. அங்கே கடலடியில் இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. அதனுடன் உள்ளே போகும் நீர், ஆழத்துப் பாறையைச் சுலபமாக உருக வைக்கிறது. உருகியது மேலே வருகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் எரிமலைகளும் இப்படிப் பிறந்தவைதான்.

பாரன் தீவு 1787இல் வெடித்ததற்குப் பதிவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அடங்கியது, நூறு ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. 1991இல் எழுந்தது, குழம்பு கடல்வரை ஓடியது. அதன்பிறகும் பலமுறை கனன்றிருக்கிறது. நமக்கு மூன்று தலைமுறை. மலைக்கு அது ஒரு மத்தியானத் தூக்கம்.

பாரன் தீவில் மக்கள் இல்லை, தப்பித்தோம். கொலம்பியாவில் அப்படியில்லை. அங்கே நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனி மூடிய எரிமலை. 1845இல் அதிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் பலரைக் கொன்றது. அந்தச் சேறு காய்ந்த மண்மேலேயே பிறகு ஆர்மேரோ நகரம் எழுந்தது. 1985 அக்டோபரில் விஞ்ஞானிகள் அபாய வரைபடம் வெளியிட்டார்கள். ஆர்மேரோ அதில் இருந்தது. ஊரைக் காலி செய்யவில்லை. நவம்பர் 13 இரவு மலை வெடித்துப் பனி உருகியது. சேறு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். வெடிப்பு பெரியதல்ல, அலட்சியம்தான் பெரியது என்பேன்.

அருள்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? நம் பக்கம் எரிமலை கிடையாது. ஆனால் அதே மனசு இருக்கிறது. "ஓடையில தண்ணி வந்து எத்தனை வருசமாச்சு" என்று சொல்லித்தான் ஓடைக்கரையில் வீடும் கம்பெனியும் கட்டுகிறோம். 2011 நவம்பரில் திருப்பூர் ஜம்மனை ஓடை வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது.

சைட் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம். கூடவே கிராம வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது என்றும் பாருங்கள். அங்கே கட்ட அனுமதி கேட்டால் அதிகாரிகளும் மறுக்க வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து ஒன்று நடக்கவில்லை என்பது, இனி நடக்காது என்பதற்குச் சாட்சி ஆகாது.