காசு கொடுத்து வாங்கிய சத்தம்

போன ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி. தனுஷ்கோடியில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பிய என் பேரன் வாசலில் புல்லட்டை ஸ்டார்ட் செய்தான். பக்கத்து வீட்டில், ராணியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளே ஆன பிள்ளை வீறிட்டு அழுதது. எதிர்வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் என் நண்பர் அதன்பிறகு விடியும்வரை தூங்கவில்லை.

புது சைலன்சராம். என்னிடம் விலையைச் சொல்லவில்லை. அப்பத்தாவிடம் பதினைந்தாயிரம் என்றிருக்கிறான்.

"சத்தம் இருந்தாத்தான் ஐயா லாரிக்காரன் ஒதுங்குவான்" என்கிறான். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்தல்லவா இருக்கிறது? எதிரே வருகிற லாரிக்காரர் காதில் அது விழுவதற்குள் வண்டியே அவர் பக்கத்தில் வந்துவிடும். முன்னால் இருப்பவருக்குச் சொல்லத்தான் ஹாரனும் ஹெட்லைட்டும். அதுவும் போதாதென்றால் திருமயம் கோட்டை பைரவருக்கு ஒரு சிதறுகாய் போடட்டும், செலவும் கம்மி.

"பழைய புல்லட் மாதிரி கேக்குதுல்ல?" என்று இன்னொரு பெருமை. பழைய புல்லட்டை நான் ஓட்டியிருக்கிறேன். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், நிதானமான ஓட்டம். அந்த 'டுப் டுப்' இன்ஜினின் வயிற்றிலிருந்து வந்தது. சைலன்சரைக் குடைந்து எடுத்ததல்ல. பொய் சொல்லக்கூடாது, 1978இல் நானும் உள்ளே இருந்த தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியவன்தான். திருக்கோகர்ணத்தில் ஒரு பெரியவர், "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" என்று பரிவாகக் கேட்டார். மறுநாளே மாட்டிவிட்டேன்.

இன்றைய வண்டி அப்படிக் கழற்றி மாட்டுகிற சங்கதியும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு, புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் கழற்றினால் அதுவும் சேர்ந்து போகும். மாட்டிக்கொடுத்த பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. தெருவில் சத்தத்தைக் கூட்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் போகும். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் அங்கே 40 டெசிபல்தான் அளவு. இவனுடைய வண்டியை எந்த மீட்டரில் வைத்து அளப்பது?

நெடும்பயணம் போகிறவனுக்காவது இதில் லாபம் உண்டா? போய்வந்த அன்று ராத்திரி, "காதுக்குள்ள ஙொய்னு கேக்குது ஐயா" என்று படுத்துவிட்டான். தூரம் போகிறவன் சைலன்சர் மாற்றியே தீருவேன் என்றால், எடை குறைகிறதா, பக்கவாட்டுப் பையைச் சூடு தொடாமல் இருக்கிறதா, கன்வெர்ட்டர் தங்குகிறதா, கம்பெனி சத்தத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இவன் கேட்டது ஒன்றே ஒன்று: "சவுண்டு எப்படிண்ணே?"

கழற்றிய பழைய சைலன்சர் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அடுத்த வாரம் கொடைக்கானலாம். சனிக்கிழமைக்குள் அதை மாட்டிவிட்டால் பெட்ரோல் காசு என்னுடையது. இல்லையென்றால் பஸ்ஸில் போகட்டும். வண்டி என் பேரில்தான் இருக்கிறது, சாவியும் இப்போது என்னிடம்தான்.