பொட்டலத்தில் இருப்பது உயிர்

தை பிறந்து சம்பா, தாளடி நெல் முற்றி நிற்கும்போதே, அந்தப் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவது காவிரி டெல்டாவின் பழைய வழக்கம். வேளாண் துறை இதை நெல் தரிசுப் பயறு என்கிறது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, தாள்களுக்கிடையே விதையை வீசுவார்கள். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பெரும்பாலான வயல்களில் தனிப் பாசனமும் கிடையாது. நெல்லுக்கு இட்ட உரத்தின் மிச்சமும், மண்ணில் தங்கிய ஈரமும், இரவில் இறங்கும் பனியும்தான் மூலதனம். அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய எழுபது நாளில் அந்தச் செடி காய்த்து முடிக்க வேண்டும்.

பூக்கும் பருவத்தில் டிஏபி உரக் கரைசல் தெளிக்கலாம். ஆனால் அதுவரை செடி நிற்க வேண்டுமே. முளைத்த முதல் மூன்று வாரத்தில் வேரழுகல் விழுந்தால் வயலில் திட்டுத் திட்டாகச் செடி வாடிப்போகும். அந்த நோய்ப் பூசணம் விதையிலும் வரும். மண்ணிலும் கரும்புள்ளி போன்ற சிறு வித்துகளாகப் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். உழாமல், உரம் போடாமல் விதைக்கும் பயிரில் இதற்கு எதிராக விவசாயி ஏதாவது செய்யக்கூடிய வேளை ஒன்றே ஒன்றுதான்: விதை இன்னும் சாக்கில் இருக்கும் வேளை. நல்ல நுண்ணுயிரை விதையில் பூசும் உயிரியல் விதைநேர்த்தியின் முக்கியத்துவத்தை வேறெந்தப் பயிரையும்விட நெல் தரிசு உளுந்து தெளிவாகக் காட்டுகிறது.

செய்முறை எளியது. ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது பத்து கிராம் சூடோமோனாஸ். பிறகு உயிர் உரங்கள்: ஒரு ஏக்கர் விதைக்கு ஒரு பொட்டலம் ரைசோபியம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஒரு பொட்டலம். இரண்டையும் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைப்பது. ஆகும் செலவு, அந்த ஏக்கருக்கு ஆகும் மற்றச் செலவுகளோடு பார்த்தால் மிகச் சிறியது.

டிரைக்கோடெர்மா நோய்ப் பூசணத்தின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து அதையே தின்று வாழ்கிறது. சூடோமோனாஸ் வேரைச் சுற்றியுள்ள இரும்புச் சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு நோய்க் கிருமியைப் பட்டினி போடுகிறது. செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது. ரைசோபியம் வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடி உண்ணும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. முளைவிடும் வேர் மண்ணைத் தொடும்போதே இவை அங்கே இருந்தால், வேரின் பரப்பில் முதலில் குடியேறுவது இவையாக இருக்கும். பிந்திவிட்டால் அந்த இடத்தை வேறு கிருமி பிடித்துவிடும்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் பேரில்தான் நடக்கும்: பொட்டலத்துக்குள் இருப்பவை உயிரோடு இருக்க வேண்டும். விதைநேர்த்தியைப் பற்றிய நம் பொதுப்பேச்சில் விடுபட்டுப்போகும் விஷயம் இது. விளைச்சல் குறைந்தால், விவசாயி விதைநேர்த்தி செய்யவில்லை என்று துறை சொல்கிறது. செய்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை என்று விவசாயி சொல்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நடுவில் அந்தப் பொட்டலத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க ஆளில்லை.

உற்பத்தி மையத்தில் பழுப்பு நிலக்கரி போன்ற தூளில் கலந்து அடைக்கப்பட்ட நுண்ணுயிர், வயலுக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. தார்ப்பாய் போர்த்திய வண்டியில் பகல் முழுக்க வெயிலில் வரலாம். தகரக் கூரைக் கிடங்கில், பூச்சிமருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில் மாதக் கணக்கில் கிடக்கலாம். கடையில், காலாவதி நெருங்கிய சரக்கு முன்வரிசைக்கு வரலாம். பால் பாக்கெட்டை இப்படி நடத்த எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். கெட்டது அன்று மாலையே தெரிந்துவிடும். நுண்ணுயிர் செத்துப்போனதைக் கண் காட்டாது, மூக்கும் காட்டாது. சில வாரம் கழித்து வாடிய செடிதான் காட்டும். அப்போது கணக்குக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

வீட்டுத் திண்ணையிலும் அது சாகக்கூடும். கஞ்சி சூடாக இருந்தால் போதும். நேர்த்தி செய்த விதையை வெயிலில் பரப்பினால் போதும். கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லியையும் நுண்ணுயிரையும் ஒரே வாளியில் கலந்தால் போதும். ரசாயன நேர்த்தி அவசியம் என்று படும் இடத்தில் அதை முதலில் செய்து, இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே உயிர் உரத்தைக் கலக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவே ஒரு பூசணம் என்பதால், பூசணக்கொல்லி பூசிய விதையில் அதைச் சேர்ப்பதில் பொருளில்லை. பல வீடுகளில் விதையைப் புடைத்துக் கலந்து உலர்த்துவது பெண்கள். பயிற்சிக் கூட்டத்துக்கு அழைப்பு வருவதோ பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. கையால் செய்பவரை விட்டுவிட்டு, கையெழுத்துப் போடுபவருக்குச் சொல்லித் தருவதை உடனே மாற்ற வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் 2006இல் கொண்டுவரப்பட்டன. தூள் வகையில் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஐந்து கோடி உயிரணு, திரவ வகையில் ஒரு மில்லிக்குப் பத்துக் கோடி என்று ரைசோபியத்துக்கு வரையறை உண்டு. டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரே விதைக்குப் போகும் இரண்டு பொட்டலங்களுக்கு இரண்டு சட்டம். மாதிரி எடுத்துச் சோதிக்க அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை விதைப்புக்கு முன்பே நடந்து, முடிவு விதைப்பவர் கண்ணில் பட்டால்தான் பயன். தை மாத விதைப்புக்கு மாசியில் முடிவு வருவதில் யாருக்கும் லாபமில்லை. மார்கழிக்குள் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், தனியார் கடையிலும் உள்ள சரக்கிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டு, எந்தத் தயாரிப்புத் தொகுதியில் எத்தனை உயிரணு என்று வாசலிலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும். அரசு தயாரிப்பு, தனியார் தயாரிப்பு என்று இதில் பாகுபாடு கூடாது.

வேரழுகல் ஒருவருடைய வரப்போடு நிற்பதும் இல்லை. டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. அறுவடை இயந்திரம் ஒரு வயலின் சேற்றைத் தன் சக்கரத்தோடும் சங்கிலிப் பட்டையோடும் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகிறது. உறங்கும் பூசண வித்துகளும் கூடவே போகின்றன. பத்துப் பேர் நேர்த்தி செய்து இரண்டு பேர் செய்யாவிட்டால், அந்த இரண்டு வயலில் பெருகும் நோய் பத்து வயலுக்கும் பொது. ஆகவே ஒரே மடையில் பாயும் வயல்காரர்கள் கூடிப் பேசி, சங்கத்திலோ யாரேனும் ஒருவர் களத்திலோ ஒரே நாளில் எல்லா விதையையும் நேர்த்தி செய்துகொள்வது நல்லது. கலக்கும் பீப்பாய் ஒன்று ஊருக்குப் பொதுவாக இருந்தால் போதும். நிலம் குத்தகைக்கு விட்டவர்களும் இதில் ஒதுங்கி நிற்கக் கூடாது. மண்ணின் நலம் அவர்கள் சொத்தும்தானே.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இட்லி, தோசை, வடை என்று நாள்தோறும் உளுந்து தின்னும் நாம், தேவைக்குப் போதாமல் மியான்மரிலிருந்து உளுந்தை இறக்குமதி செய்கிறோம். அங்கே விளைச்சல் குறைந்தாலோ, கப்பல் தாமதமானாலோ விலை இங்கே ஏறுகிறது. டெல்டா உளுந்துக்கு நியாயமான கொள்முதல் விலையும், நேரத்துக்குத் திறக்கும் கொள்முதல் நிலையமும் இருந்தால்தான் விவசாயி இந்த எழுபது நாள் பயிருக்குக் கவனம் செலவழிப்பார். விலை நிச்சயமில்லாத பயிருக்கு விதைநேர்த்தி செய்யச் சொல்லி அறிவுரை கூறுவது அவரிடம் பாரத்தைத் தள்ளிவிடுவதாகும். நுகர்வோர் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் இந்தக் கொள்முதல் கோரிக்கையை விவசாயச் சங்கங்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டும்.

நுண்ணுயிர் எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்று சொல்வதும் தவறு. மண்ணில் ஏற்கெனவே நல்ல ரைசோபியம் இருக்கும் வயலில் வித்தியாசம் குறைவாகவே தெரியலாம். கொண்டைக்கடலைக்கு உரிய ரைசோபியத்தை உளுந்துக்குப் போட்டால் முடிச்சு சரியாகக் கட்டாது. விதைப்புக்கு மறுநாள் பெருமழை பெய்தால் எந்த நேர்த்தியும் காப்பாற்றாது. இவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விவசாயி நம்புவார். அளவுக்கு மீறிய வாக்குறுதி கொடுத்து ஒருமுறை ஏமாற்றியவரிடம் அவர் மறுபடி வரமாட்டார், வர வேண்டியதும் இல்லை.

ஆகவே வரும் தைக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். விதைநேர்த்தி செய்யும் வயலில், ஓரமாக ஒரு பட்டை மட்டும் நேர்த்தி செய்யாத விதையைத் தூவி, குச்சி நட்டு அடையாளம் வைக்கட்டும். முப்பதாம் நாள் வேளாண் அலுவலரும், பொட்டலம் விற்றவரும், பக்கத்து வயல்காரர்களும், பள்ளி மாணவர்களும் கூடி இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடியை வேரோடு எடுத்துப் பார்க்கட்டும். முடிச்சுகளை எண்ணி, நகத்தால் கீறி உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தால் ரைசோபியம் வேலை செய்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் பொட்டலத்தின் தொகுதி எண்ணோடு சங்கத்துப் பலகையில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு எந்த உற்பத்தியாளரிடம் வாங்குவது என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யட்டும்.