சுவருக்குள் புதைத்தால் போதுமா?

பெட்டகத்தைச் சுவரில் புதைத்துவிட்டால் கவலையில்லை என்ற வாதம் கதவை மட்டுமே பார்க்கிறது. 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு நகைக்கடைக்குள் திருடர்கள் சுவரைத் துளைத்துத்தான் நுழைந்தார்கள். சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கம் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் அறைத்தடுப்பு பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல்தான்; அதைக் குடைந்தால் பின்னால் மிஞ்சுவது பூச்சு. ஒன்பது அங்குலச் சுவரிலும் பெட்டகத்துக்கு ஆறு அங்குலம் போனால் மிச்சம் மூன்றே அங்குலம். கடப்பாரைக்கு அது ஒரு தடையா?

படத்துக்குப் பின்னால் மறைக்கலாமே என்பார்கள். ஆனால் பெட்டகம் பதிக்கச் சுவர் குடையும் சத்தம் தெருவுக்கே கேட்குமே! லாக்கரில் வைத்தாலும் வங்கிக்கு முழுப் பொறுப்பில்லை என்பது நியாயமான பேச்சு; ஆனால் திருட்டு நடந்தால் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்குக்கு வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி விதி 2022 முதல் சொல்கிறது. வீட்டில்தான் வேண்டுமென்றால், கனமான பெட்டகத்தை வெள்ளம் எட்டாத மாடியில், காங்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.